தொப்பி கேட்கவில்லை

எமது கல்லூரியிற் பண்டித வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, சென்ற மாதம் ஒருநாட் பாடம் முடிந்தபின் தயங்கித் தயங்கி என் மேசையருகில் வந்து நின்றாள். "ஐயா, கோவிக்கக்கூடாது. நீங்கள் வகுப்பிலை அவ்வளவு புகழ்ந்த அந்தத் தவிலைத் தேடிக் கேட்டனான். தகரப்பேணியிலை தட்டினமாதிரித்தான் கிடக்கு" என்றாள்.

அவள் குறித்தது அளவெட்டித் தட்சணாமூர்த்தியின் தவிலை. 1975ஆம் ஆண்டில் மறைந்தவர். ஈழத்தில் மாத்திரமன்றித் தமிழகத்திலும் பெருவித்துவான்களோடு சரியாசனம் பெற்றவர். அவர் கைவண்ணத்தைத் தகரப்பேணி என்றாற் சினம் வாராதோ? வந்தது. ஆயினும், "எங்கே, போடு பார்ப்போம்" என்றேன். பிள்ளை தன் கைத்தொலைபேசியை மேசைமேற் கிடத்தி ஒலிக்கவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடுகின்றேன்: தகரப்பேணிதான்.

பிள்ளையின் செவியிற் குற்றமில்லை; வித்துவானின் கையிலும் குற்றமில்லை. இருவருக்கும் இடையில் நின்ற கருவியே குற்றவாளி. தவிலுக்கு முகம் இரண்டு. வலந்தலை இறுக்கிக் கட்டியது. கூடு அணிந்த விரல்களால் வாசிப்பது. அதன் ஒலி உயர்ந்து கூர்மையாய் எழும். தொப்பி தளர்ந்தது, கழியால் வாசிப்பது, அதன் ஒலி தாழ்ந்து, ஆழ்ந்து, நெஞ்சிலே சென்று தட்டுவது. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியோ சுண்டுவிரல் நகத்தளவினது. ஆழ்ந்த ஒலியை எழுப்பக் காற்றை நிரம்பத் தள்ளவேண்டும். நகத்தளவுத் தகடு எவ்வளவு காற்றைத்தான் தள்ளும்? செக்கனுக்கு 200 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் அதிலே அனேகமாக எழுவதேயில்லை. ஆகவே, அன்று என் மேசைமேல் ஒலித்தது தவிலன்று, பாதித் தவில். ஏட்டின் ஒரு பாதியைச் செல் தின்றுவிட, எஞ்சிய பாதியை வாசித்துவிட்டுப் "புலவனுக்கு எதுகை தெரியாது" என்று தீர்ப்புக் கூறினால் எப்படியோ, அப்படியே இதுவும்.

நல்ல கருவி இல்லையேல் இசையின்பமே இல்லை என்னும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் யான். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவை உருட்டி, அந்த மின்னிலே ஒலிநாடாக் கேட்ட தலைமுறை எங்கள் தலைமுறை. தம்பி மிதிப்பான், யான் கேட்பேன், பின்னர் முறை மாறும். மிதிப்பவனுக்குக் கால் உளைந்தால் திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளையின் தோடி கீழே கீழே இறங்கி முனகும், "டேய், மிதியடா!" என்று அதட்டினால் மீண்டும் சுருதிக்கு ஏறும். அதிலும் இன்பம் இருந்தது.

எதனால் இருந்தது? யாம் மெய்யான நாதசுரத்தையும் தவிலையும் கோயில் வீதியிலே, பத்தடி தூரத்தில் நின்று, வயிறு அதிரக் கேட்டு வளர்ந்தவர்கள். முனகுகின்ற நாடாவிலே குறைந்ததை நினைவு இட்டு நிரப்பிற்று. இன்றைய பிள்ளைக்கு இட்டு நிரப்ப நினைவு இல்லை. திருவிழாவிலும் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஒலிபெருக்கி வழியாகவே அவள் கேட்கின்றாள். கைத்தொலைபேசி காட்டும் பாதியே அவளுக்கு முழுமை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை, பழைய வித்துவான்கள் எல்லாரும் கீச்சுக்குரலினர், தகரம் தட்டியோர் என்று முடிவுகட்டி அப்பாற் சென்றுகொண்டிருக்கின்றது. எனக்குள்ள கவலை இதுதான்.

இதற்கு மருந்து உண்டு. மருந்தின் விலையும் பெரிதன்று. ஆனாற் பெரிது என்று நம்பவைத்திருக்கின்றார்கள். அப்பிள்ளையின் தகப்பனாரும் அவ்வாறே நம்பி, தவணை முறையிற் பெரிய பெட்டியொன்று வாங்குவதற்குக் கடையொன்றில் விசாரித்திருக்கின்றார். தோட்டஞ் செய்பவர். அதைக் கேட்டபின்னரே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன்.

வீட்டிலே கணினி ஒன்று இருந்தாற் போதும். ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டியதில்லை. பெட்டி அறை முழுவதிலும் உள்ள காற்றை அசைக்கவேண்டும். அதற்குப் பருமனும் வேண்டும், பணமும் வேண்டும். தலையில் மாட்டுங் கருவி செவிக்கு முன்னுள்ள சிறிதளவு காற்றை அசைத்தால் அமையும். ஆகவே ஒரே தொகைக்குப் பெட்டி தரும் ஒலியினும் அக்கருவி தரும் ஒலி பன்மடங்கு செம்மையாக இருக்கும். அதனைச் செவிப்பன்னி என்று தமிழாக்கினோர் உளர். வகுப்பிலே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்; பின்வாங்கிலிருந்து சிரிப்பு எழுந்தது. கடைக்காரர் ஹெட்போன் என்கின்றார். யானும் இங்கே அவ்வாறே எழுதுகின்றேன். சொல்லாக்கக் குழுவினர் பொறுத்தருள்க.

முதலிலே என் மூடத்தனத்தைச் சொல்லிவிடுகின்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், பட்டணத்துக் கடையொன்றில், விற்பனைப் பையன் சொற்கேட்டு 28,000 ரூபா கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கினேன். இருபுறமும் பச்சையும் சிவப்புமாக விளக்கெரியும். "ஏழு பக்கத்தாலையும் சத்தம் வரும் சேர்" என்றான். வீட்டிற்கு வந்து மாட்டினேன். யான் கேட்க விரும்பிய பழைய பதிவுகளிற் பெரும்பாலன ஒற்றை வழிப் பதிவுகள். ஒற்றை வழியை ஏழு வழியாக்கினால் நாதசுரம் கிணற்றுக்குள் விழுந்துவிடும், விழுந்தது. அன்றியும், ஆழ்ந்த ஒலியை அளவுக்கு மீறிப் பெருக்கியிருந்தமையால் மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டும் குண்டு விழுந்தாற்போல் அதிர்ந்தது. அவ்வோசையை எம்மூரிலே இருந்தவர் எவரும் இன்பமெனக் கொள்ளார். அக்கருவி கணினி விளையாட்டுக்காரருக்குச் செய்தது. இப்பொழுது என் மருமகனிடம் இருக்கின்றது. அவனுக்கு மகிழ்ச்சி.

அயற்பாடசாலையிற் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரே பின்னர் என்னைத் தெருட்டினார். அவர் சொன்ன முதல் விதி: பணத்தில் மிகப் பெரும் பங்கு ஹெட்போனுக்கே போகவேண்டும். காற்றை அசைப்பது அதுவே. ஒலி கெடுவதும் திருந்துவதும் அனேகமாக அங்கேதான். அம்பிளிபையர், வடம், பொன்முலாம் பூசிய முனை என்பனவெல்லாம் பின்னர் வருவன. வாராமலே விட்டாலும் குறையில்லை.

எதை வாங்குவது? ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டாவிடின் இவ்வெழுத்து வெற்றுரையாகும். அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், 1958ஆம் ஆண்டில், ஜோன் கொஸ் என்பார் இசை கேட்பதற்கென்றே இருவழி ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'போர்ட்டா புரோ' என்னும் மாதிரி, நாற்பது ஆண்டு கடந்தும் அனேகமாக அதே உருவில் விற்பனையாகின்றது. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 50 டொலர். அதே நிறுவனத்தின் 'கே.எஸ்.சி. 75' என்பது செவியிலே கொளுவிக்கொள்வது. ஏறத்தாழ 20 டொலர். பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போலிருக்கும், ஒலியிலே விளையாட்டில்லை. யான் வைத்திருப்பது இரண்டாவது. கனடாவிலுள்ள பழைய மாணவன் ஒருவன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. இவைதாம் வேண்டுமென்பதில்லை. இவை போன்ற எளிய, வடமுள்ள, பஞ்சு வைத்த கருவி எந்த நல்ல நிறுவனத்தினதாயினும் சாலும்.

பஞ்சு என்றது காரணங்கருதியே. செவியை முழுதும் மூடும் தோலுறைக் கருவிகள் குளிர்நாட்டாருக்கு இதமானவை. எம்மூர்ச் சித்திரை வெயிலிலே அரைமணி நேரம் அணிந்தால் வியர்வை வழியும். இரண்டு வருடத்திலே செயற்கைத் தோல் உரிந்து கன்னத்தில் ஒட்டும். பஞ்சும் நாளடைவில் உதிரும். ஆனாற் சொற்ப விலைக்கு மாற்றிவிடலாம். திறந்த வகையாதலின் பக்கத்தில் இருப்பவருக்கும் சிறிது கேட்கும், வெளியொலியும் உள்ளே வரும். விடுதியில் நால்வரோடு ஓர் அறையில் இருப்பவர் மூடிய வகையையே நாடவேண்டும். வியர்வையை அவர் பொறுக்கத்தான் வேண்டும். செவித்துளைக்குள் செருகும் சிறிய வகை மலிவிலும் நன்றாகவே வருகின்றது என்கின்றனர். மெய்தான். எனக்குச் செவிக்குள் எதையேனும் செருகிவைப்பது பிடியாது, அவ்வளவே.

வடமில்லாத வகையைப் பற்றி ஒரு சொல். அதற்குள் இருக்கும் பற்றரி சில ஆண்டுகளிற் கிழடாகிவிடும். பெரும்பாலும் மாற்றுதற்கு இயலாதபடி ஒட்டியிருப்பார்கள். வடம் அறுந்த கருவியையோ சந்தியிலுள்ள ரேடியோ திருத்துபவர் ஈயம் வைத்து ஒட்டித் தருவார். ஏழைக்கு எது உகந்தது என்பதற்கு வேறு வாதம் வேண்டா.

இனி, கடைக்காரர் அதிகம் பேசாத ஓர் எண் உண்டு. பெட்டியின் புறத்தே, ஓம் என்னும் அலகில், தடங்கல் எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்த சில சிறந்த கருவிகளில் அது 250 ஆகவும் 300 ஆகவும் இருக்கும். "சிறந்தது" என்று கேள்விப்பட்டு அதனை வாங்கி மடிக்கணினியிற் கொளுவினால் ஒலி மெலிந்துவிடும். பின்னர் அதற்கென்று அம்பிளிபையர் தேடவேண்டும், அதற்கொரு வடம், அதற்கொரு மேசை. மாடு வாங்கியவன் கொட்டில் போட்டு, கொட்டிலுக்குக் காவல் வைத்த கதை. 16 முதல் 60 ஓம் வரையிலான கருவியைக் கணினியே இயக்கிவிடும். மேற்சொன்ன கொஸ் இரண்டும் 60 ஓம். நண்பர் கடதாசியிற் கணக்கிட்டுக் காட்டினார்: ஒரு வோல்ற்று மின்னழுத்தம் அதற்குக் கிடைத்தால் 16 மில்லிவாற்றுக்கு மேல் வலு, ஒலி 110 டெசிபெலையும் கடந்துவிடும். செவி தாங்கும் அளவு அதற்கு எவ்வளவோ கீழே.

கணினியில் நேரே கொளுவும்போது சிலவற்றில் ஓர் இரைச்சல் எழும். சுட்டியை அசைத்தாற் கிறுகிறுக்கும். மின்னேற்றியைக் கொளுவினால் ரீங்காரமிடும். கருவியைப் பழிக்கற்க. கணினியின் வயிற்றுக்குள் ஆயிரம் மின்வேலை நடக்கின்றது. அதன் நடுவே எண்ணை ஒலியாக மாற்றினால் அக்கம்பக்கத்து ஆரவாரமும் கலக்கும். எண் ஒலியாகும் இடத்தைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. அதற்கென யூ.எஸ்.பி. துளையிற் கொளுவும், சாண் நீளமும் இல்லாத சிறு வடத்துண்டு ஒன்றுண்டு. அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிகளுக்கென விற்பது அமெரிக்காவில் 9 டொலர். பன்மடங்கு விலையான பெட்டிகளோடு ஒப்பிட்டு அளந்தவர்கள் அதனை மெச்சியிருக்கின்றனர். ஐரோப்பாவில் விற்பதற்குச் சத்தம் குறைவு. அமெரிக்க வகையையே கேட்டு வாங்குக. பழைய மடிக்கணினியாயின் துளை வேறு. இடையே ஒரு சிறு இணைப்பியும் வேண்டும். இரைச்சல் இல்லாத கணினி வைத்திருப்பவர் இதனையும் வாங்கவேண்டா. என் நண்பரின் பழைய கணினி அப்படியொன்று. அதைப் பற்றி அவருக்குப் பெருமை.

ஆக என் செலவு, ஹெட்போனும் வடத்துண்டும் சேர்ந்து, 30 டொலருக்குச் சிறிது குறைவு. முன்னர் விளக்கெரியும் கருவிக்குக் கொடுத்ததன் மூன்றிலொரு பங்கு அளவினது.

பணம் செலவில்லாத திருத்தமும் உண்டு. விண்டோஸ் கணினிகளில் ஒலியை "மேம்படுத்தும்" விசை ஒன்று நாம் அறியாமலே திறந்திருக்கும். அதனை மூடிவிடுக. மூடிய அன்றே என் கணினியில் நாதசுரக்காரர் கிணற்றிலிருந்து கரையேறினார்.

இனி வருவது என் சொந்தத் துறை. ஆகவே சற்று நீட்டுவேன். கருவி எத்துணை நல்லதாயினும் பதிவு கெட்டதாயிற் பயனில்லை. ஒரே கச்சேரி இணையத்தில் நான்கைந்து பிரதிகளாகக் கிடக்கின்றது. ஒருவர் தம் நாடாவிலிருந்து எடுத்து ஏற்றியிருப்பார். மற்றொருவர் அதனை இறக்கிச் சுருக்கி மீண்டும் ஏற்றியிருப்பார். மூன்றாமவர் அதன்மேல் தம் பெயரையும் பூமாலைப் படத்தையும் இட்டிருப்பார். ஏட்டைப் பார்த்து ஏடெழுதியோர் படிதோறும் பிழை பெருக்கியது போலவே, சுருக்குந்தோறும் ஒலியில் ஏதேனும் ஒன்று உதிரும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கைக்கு வந்த ஏடே போதும் என்று அமர்ந்திருந்தாரோ? பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினாரல்லரோ? இசை கேட்பவரும் அத்தொழிலிற் சிறிதளவேனும் செய்யவேண்டும். யான் செய்வது இது: தாளத்தின் ஒலி அடங்கும் இடத்தைச் செவிகொடுத்துக் கேட்பேன். நல்ல பிரதியில் அந்நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். கெட்ட பிரதியில் நீர் தெளித்தாற்போற் சலசலத்து அறும்.

இங்கே ஒரு பொறி உண்டு. இரைச்சலே இல்லாத பிரதிதான் சிறந்தது என்று பலர் மயங்குவர். நாடாவின் "உஸ்" என்னும் இரைச்சலைத் துடைக்கப் புகுந்தோர் பலர், அதனோடு உயர்ந்த ஒலிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டனர்; தாளத்தின் கணீரென்ற ஓசை போயிற்று, நாதசுரத்தின் மூச்சுப் போயிற்று. பொருள் விளங்காத சொல்லைத் தம் மனம்போனவாறு திருத்தி ஏட்டைக் "குணப்படுத்திய" பதிப்பாசிரியர்களை யான் அறிவேன். இவர் அவர்தம் உடன்பிறப்பு. இரைச்சலோடு கூடிய பிரதியையே தேர்க. பத்து நிமிடத்திற் செவி இரைச்சலை மறந்துவிடும். துடைத்தெறிந்த மூச்சை எந்தச் செவியும் திரும்பப் படைக்கமாட்டாது.

மற்றொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1925க்கு முற்பட்ட இசைத்தட்டுக்கள் மின் ஒலிவாங்கி இன்றி, தகரக் குழலுக்கு நேரே பாடிப் பதிந்தவை. ஆழ்ந்த ஒலி அவற்றில் முதலிலேயே பதியவில்லை. இலட்ச ரூபாக் கருவி மாட்டினாலும் இல்லாதது வாராது; கீறலே தெளிவாகக் கேட்கும். அன்னவற்றுக்கு என் கொளுவிக் கருவியே மிகை.

செக்கனுக்கு 192,000 மாதிரி எடுத்த "உயர்தர" ஒலி என்று விலைபேசுவோரிடமும் ஏமாறவேண்டா. மனிதச் செவி கேட்பது, இளமையிலே, 20,000 அதிர்வு வரை. இறுவட்டு நியமமாகிய 44,100 மாதிரி அதற்குப் போதும். நண்பர் தம் வீட்டில் என்னைச் சோதித்தார். ஒலியை மெல்ல மெல்ல உயர்த்திச் சென்றார். 12,000 வரை கேட்டது, 13,000இல் "எப்போது தொடங்குவீர்?" என்று கேட்டேன். அவருடைய சிறிய மகளோ உள்ளறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஐம்பது கடந்தவர் உயர்தர ஒலிக்குப் பணம் இறைப்பதைப்பற்றி அதன்மேல் யாம் இருவரும் பேசவில்லை.

அச்சிறுமியின் செவியை நினைத்து இதனையும் எழுதுகின்றேன். உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை, வளர்ந்தவர்க்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் நான்கு மணி நேரமே மிஞ்சும். சிறுவர்க்கு எல்லை இன்னுங் குறைவு: 75. தொப்பி கேட்காத கருவியில் அதனை எப்படியேனும் கேட்டுவிட வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டுவோரே பலர். கூட்டினால் வலந்தலைதான் செவியைக் கிழிக்கும். தொப்பி அப்போதும் வாராது. செம்மையான கருவியில் மெல்லக் கேட்டாலே இரண்டும் வரும். ஆகவே நல்ல ஹெட்போன் ஆடம்பரம் அன்று, செவிக்காப்பு என்றே யான் வாதிடுவேன். கல்லூரி ஒன்றுக்கு இரண்டு வாங்கி நூலகத்திலே வைத்தால் அகராதி ஒன்றின் விலைதான் ஆகும். எம் நூலகத்துக்காக அவ்வாறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். "பண்டிதருக்கு இஃதென்ன புதுப் பித்து?" என்று ஆசிரியர் அறையிற் பேசிக்கொண்டனர். பேசட்டும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறேன்.

அப்பிள்ளையின் கதையை இடையில் விட்டுவந்தேன். மறு திங்கட்கிழமை, என் மடிக்கணினியையும் கொளுவிக் கருவியையும் கல்லூரிக்குக் கொண்டுசென்றேன். அதே தனி ஆவர்த்தனம். யான் தேர்ந்தெடுத்த, இரைச்சலோடு கூடிய பிரதி. பஞ்சைச் செவிமேற் பொருத்திக்கொண்டு, முதலில் மரியாதைக்காகக் கேட்பவள்போல் நின்றாள். ஒரு நிமிடம் சென்றிருக்கும். அருகில் இருந்த வாங்கை இழுத்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் அவள் இடக்கை, அவள் அறியாமலே, மேசை விளிம்பிலே தட்டத் தொடங்கிற்று. வலக்கை அன்று, இடக்கை.

"இடப்பக்கத்தாலை ஒண்டு உறுமுது ஐயா! முந்தி இது இருக்கேல்லை" என்றாள்.

"முந்தியும் இருந்தது பிள்ளை" என்றேன்.

முடிந்ததும் கழற்றித் தருவாள் என்று கையை நீட்டினேன். அவள் கழற்றவில்லை. "இன்னொருக்காப் போடுங்கோ ஐயா" என்றாள். போட்டேன். நாலரை மணிப் பேருந்து எனக்குத் தவறிவிட்டது.